உங்கள் பம்பு எத்தனை அடி ஏற்றும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் செய்பவர்கள் தங்கள் விளம்பரத்தைத் தாங்களே எழுதிக்கொள்வது எப்படி என்று சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் 31 வருடம் வேலை பார்த்தவள். முதல் நான்கு வருடம் பிழை திருத்தினேன், மீதி வருடங்கள் விளம்பர வாசகம் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு, தனியாளாகத் தொழில் செய்கிறவர்கள் வந்து கேட்டால் நோட்டீஸ் எழுதித் தருகிறேன். அதனால் அந்தக் கட்டுரையை ஆசையோடு எடுத்துப் படித்தேன். படித்து முடித்ததும் வருத்தமாகிவிட்டது. அதை நம்பி ஒருவர் ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானே பல வருடம் அப்படி எழுதியிருக்கிறேன்.

கட்டுரை இரண்டு யோசனைகளைச் சொல்கிறது. ‘அற்புதம்’, ‘ரகசியம்’, ‘உடனடி’, ‘உத்தரவாதம்’, ‘இன்றே கடைசி’ என்று இருபது ‘சக்திவாய்ந்த சொற்களை’ ஆங்காங்கே தூவ வேண்டும் என்பது முதலாவது. ‘ஏனென்றால்’ என்று ஏதாவது ஒரு காரணத்தை ஒட்டவைத்தால் போதும், படிப்பவர் சம்மதித்துவிடுவார், அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தே நிரூபித்துவிட்டார்கள் என்பது இரண்டாவது.

அந்த ஆராய்ச்சியில் பாதிதான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எலன் லேங்கர் என்ற உளவியலாளரும் சகாக்கள் இருவரும் 1978-ல் வெளியிட்டது அது. பல்கலைக்கழகத்தில் நகல் எடுக்கும் மெஷினுக்கு வந்தவர்களிடம் ஒருவர் போய், “எனக்கு 5 பக்கம்தான், முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். அவசரமாகப் போக வேண்டும் என்று காரணம் சொன்னபோது 94 சதவீதம். “நான் நகல் எடுக்க வேண்டும், அதனால்தான்” என்று காரணமே இல்லாத காரணத்தைச் சொன்னபோதும் 93 சதவீதம். கட்டுரை இந்த இடத்தில் நின்றுவிட்டது. ஆராய்ச்சி நிற்கவில்லை. 5 பக்கத்துக்குப் பதில் 20 பக்கம் என்று கேட்டுப் பார்த்தார்கள். வெறுமனே கேட்டால் 24 சதவீதம். வெற்றுக் காரணம் சொன்னாலும் அதே 24. அவசரம் என்ற உண்மையான காரணத்துக்கு மட்டும் 42.

கேட்பது சின்ன விஷயமாக இருக்கும்வரை மனிதர்கள் யோசிக்காமல் தலையாட்டுவார்கள். கொஞ்சம் பெரிதாகிவிட்டால் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் சம்பாதித்த பணத்தைக் கொடுங்கள் என்று கேட்பது 20 பக்கத்தைவிடப் பெரிய விஷயம். அங்கே ஒப்புக்குச் சொல்லும் காரணம் எடுபடாது.

சக்திவாய்ந்த சொற்கள் பற்றி எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது ஒரு தபால் அட்டை. வாசகம் எழுத ஆரம்பித்த இரண்டாம் வருடம், தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒருவருக்கு அரைப் பக்க விளம்பரம் எழுதினேன். ‘ஈடு இணையற்ற தரம், நிகரற்ற உழைப்பு, நம்பிக்கையின் மறுபெயர்’ என்று வந்தது. எனக்கே மிகவும் பிடித்திருந்தது. கிளையன்ட்டும் சந்தோஷப்பட்டார். விளம்பரத்தின் அடியில் எங்கள் அலுவலக முகவரி இருந்ததால் பதில்கள் எங்களுக்கே வரும். ஒரே ஒரு அட்டைதான் வந்தது. அதில் ஒரே வரி: ‘உங்கள் பம்பு எத்தனை அடி ஏற்றும்?’

எனக்குப் பதில் தெரியவில்லை. கிளையன்ட்டிடம் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறேன், அவர் பட்டறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன், இதை மட்டும் கேட்கவில்லை. அந்த அட்டையை எழுதியவர் வாங்கத் தயாராக இருந்த மனிதர். கிணறோ மாடித் தொட்டியோ மனதில் வைத்துக்கொண்டு, எழுந்து போய் அட்டை வாங்கி, எழுதி, தபாலில் போட்டிருக்கிறார். என் அரைப் பக்கம் அவருக்கு எதையும் சொல்லவில்லை. பதில் எழுதாமல் விட்ட மற்றவர்களுக்கும் அதே கேள்விதான் இருந்திருக்கும். அந்த அட்டையை நான் வேலையை விடும் நாள் வரைக்கும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எதை எழுதினாலும் இரண்டு விதமாகச் சோதித்துப் பார்ப்பேன். எழுதிய வரியை எதிர்ப்பதமாகத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது ஒன்று. ‘சிறந்த சேவை’ என்றால் ‘மோசமான சேவை’. அப்படி யாராவது விளம்பரம் செய்வார்களா? மாட்டார்கள். அப்படியானால் ‘சிறந்த சேவை’ என்பதிலும் படிப்பவருக்குத் தெரியாத சேதி எதுவும் இல்லை. ‘ஞாயிற்றுக்கிழமையும் வருவோம்’ என்பதைத் திருப்பினால் ‘ஞாயிற்றுக்கிழமை வரமாட்டோம்’. அப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆகவே இந்த வரி இருக்கலாம். அப்புறம், போட்டியாளர் பெயரை அந்த வரிக்குக் கீழே போட்டுப் பார்ப்பேன். அவருக்கும் கச்சிதமாகப் பொருந்தினால் அடித்துவிடுவேன். புதிதாக எழுத வருகிறவர்களின் நோட்டீஸில் இந்த இரண்டையும் தாண்டி நிற்கும் வரி பெரும்பாலும் தொலைபேசி எண் மட்டும்தான்.

உங்கள் பட்டியலில் இருக்கும் ‘உத்தரவாதம்’ என்ற சொல்லை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல சொல். எதற்கு உத்தரவாதம், எத்தனை நாளைக்கு, கெட்டுப்போனால் யாரிடம் போக வேண்டும் என்ற மூன்றும் கூடவே வந்தால் அதைவிட வலுவான சொல் கிடையாது. இந்தச் சொல்லுக்கு என்ன வலு என்று காட்டும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. சட்டம் படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், விளம்பரம் எழுதுபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 1891-ல் இன்ஃப்ளுயென்சா பரவியிருந்த சமயம். கார்பாலிக் ஸ்மோக் பால் (புகை உருண்டை) என்ற மூக்கில் உறிஞ்சும் கருவியை விற்ற நிறுவனம், இதை ஒரு நாளைக்கு மூன்று முறை வீதம் இரண்டு வாரம் சொன்னபடி உபயோகித்த பிறகும் இன்ஃப்ளுயென்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று விளம்பரம் செய்தது. நாங்கள் மனப்பூர்வமாகச் சொல்கிறோம் என்பதற்கு அடையாளமாக வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்றும் அதிலேயே எழுதியது. கார்லில் என்ற பெண்மணி அதை நம்பி வாங்கி, நவம்பர் 20 முதல் ஜனவரி 17 வரை சொன்னபடியே உபயோகித்தார். இன்ஃப்ளுயென்சா வந்தது. பணத்தைக் கேட்டார். விளம்பரத்தில் எழுதியது வெறும் வாய்ப்பந்தல், அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனம் வாதாடியது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதாகச் சொன்ன பிறகு அதை எப்படி வெறும் பேச்சு என்று சொல்ல முடியும் என்று கேட்டு, 100 பவுண்டைக் கொடுக்கச் சொன்னது.

அந்தக் கருவி காப்பாற்றவில்லை என்பதால் விளம்பரம் தப்பான விளம்பரம்தான். ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கதி இருக்கிறது. விளம்பர வாசகங்களைச் சட்டமே இரண்டாகப் பிரிக்கிறது. புத்தியுள்ள யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் கேள்வி கேட்காமல் விட்டுவிடும் புகழ்ச்சி ஒரு பக்கம். நாள், அளவு, தொகை என்று இறங்கி வந்து சொல்வதால் சொன்னவரைப் பிடித்துக் கேட்கக்கூடிய வாக்குறுதி இன்னொரு பக்கம். ‘உலகத் தரம்’ என்று நீங்கள் எழுதினால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள். யாரும் அதை நம்பவில்லை என்பதால்தான் போடமாட்டார்கள். கார்லில் அம்மையார் வாங்கியது, பிடித்துக் கேட்கக்கூடிய வரியைப் படித்து. ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: நாளைக்கு ஒருவர் உங்கள் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ‘இப்படி எழுதியிருக்கிறீர்களே’ என்று கேட்டால், எந்த வரிக்கு நீங்கள் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்வீர்கள்? அந்த வரியை மேலே கொண்டு வருவோம். மற்றதை எடுத்துவிடுவோம்.

“என் தொழிலில் அப்படிச் சொல்ல ஒன்றுமே இல்லையே, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன்” என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. அவர்களுக்கு நான் கிளாட் ஹாப்கின்ஸ் கதையைச் சொல்வேன். நூறு வருடத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் வாசகம் எழுதிய மனிதர். ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனம் அவரை அழைத்தது. அப்போது எல்லா பீர் நிறுவனங்களும் ‘தூய்மை’ என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கம் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. ஹாப்கின்ஸ் எழுத உட்காரவில்லை, ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். ஏரிக்கரையில் ஆலை இருந்தும் சுத்தமான நீருக்காக 4,000 அடி ஆழத்துக்குக் கிணறு தோண்டியிருந்தார்கள். வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் கண்ணாடி அறைகளில் பீரைக் குளிரவைத்தார்கள். பாட்டில்களை நான்கு முறை கழுவினார்கள். இதையெல்லாம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் கேட்டபோது, எல்லா ஆலையிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பதில் வந்தது. ஆனால் யாரும் வெளியே சொல்லியிருக்கவில்லை. அவர் சொன்னார். ஐந்தாம் இடத்தில் இருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்தை எட்டிப் பிடித்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

தொழில் செய்பவருக்கு அன்றாட வேலையாகிப் போனது, வெளியே நிற்பவருக்குக் கேள்விப்படாத விஷயம். இதை எழுதுபவர்தான் கேட்டு வாங்க வேண்டும். “உங்கள் தனிச்சிறப்பு என்ன?” என்று கேட்டால் ‘தரம்’ என்பார்கள். “காலையில் கடையைத் திறந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “எந்த வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவீர்கள்? போன மாதம் யார் கோபப்பட்டார்கள், எதற்காக?” இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது அவர்கள் பேச்சு மாறும், கை ஆட ஆரம்பிக்கும். நான் அப்போதுதான் பேனாவை எடுப்பேன்.

குறையைச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. 1960-ல் ஃபோக்ஸ்வேகன் காருக்கு அமெரிக்காவில் ஒரு விளம்பரம் வந்தது. காரின் படம், கீழே ‘லெமன்’ என்று ஒரே சொல். கோளாறான வண்டியை அமெரிக்காவில் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே படித்தால், காருக்குள் டாஷ்போர்டில் இருக்கும் சிறு பெட்டியின் குரோம் பட்டை பழுதாக இருந்ததால் அந்தக் காரைப் பரிசோதகர் நிறுத்திவிட்டார் என்றும், தொழிற்சாலையில் பரிசோதிப்பதற்கென்றே 3,389 பேர் இருக்கிறார்கள் என்றும் இருக்கும். ‘தீவிரத் தரக் கட்டுப்பாடு’ என்று எழுதியிருந்தால் யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இனி நம் மொழி சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். இதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. பிழை திருத்திய காலத்திலிருந்தே என்னை உறுத்துவது. பேசும்போது நாம் யாரும் ‘வழங்கப்படும்’ என்று சொல்வதில்லை. நோட்டீஸ் எழுத உட்கார்ந்ததும் ‘சேவை வழங்கப்படும்’, ‘பழுது நீக்கித் தரப்படும்’, ‘தரம் உறுதி செய்யப்படுகிறது’ என்று ‘படும்’ வந்து குவிகிறது. யார் வழங்குவார்? யார் உறுதி செய்கிறார்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆளில்லாத வாக்கியத்தை யார் நம்பி வீட்டுக்குள் விடுவார்? ‘நானே வந்து பார்ப்பேன்’ என்று எழுதுங்கள். தமிழில் வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடும், தனியாகப் பெயர்கூடப் போட வேண்டாம். இந்த வசதியை வைத்துக்கொண்டு ‘படும்’ போட்டு மறைப்பது எனக்குத் தாங்கமுடியாத விஷயம்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘பல ஆண்டு அனுபவம் வாய்ந்த, நவீன கருவிகளைக் கொண்ட, பயிற்சி பெற்ற ஊழியர்களால்...’ என்று பெயரடைகளைக் கோத்துக்கொண்டே போனால், என்ன செய்வார்கள் என்பது தெரிவதற்குள் படிப்பவர் நோட்டீஸை மடித்துவிடுவார். ஒரு வினைக்கு ஒரு வாக்கியம் போதும். எழுதி முடித்ததும் அதைத் தொலைபேசியில் நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது எந்த இடத்தில் உங்கள் குரல் வானொலி அறிவிப்பாளர் குரலாக மாறுகிறதோ அந்த இடத்தைத் திருத்துங்கள். ‘உங்கள் கனவுகளை நனவாக்குங்கள்’ என்று நண்பரிடம் யாராலும் இயல்பாகச் சொல்ல முடியாது.

‘இன்றே கடைசி’ பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. உண்மையிலேயே இன்றே கடைசி என்றால் போடுங்கள். நாளைக்கும் அதே பலகை தொங்கினால், மறுபடியும் அந்த வழியாகப் போகிறவர் உங்கள் மற்ற வரிகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

கடைசியாக, போன வருடம் நடந்தது. வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்க்கும் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு நோட்டீஸ்: ‘தையல் மெஷின் ரிப்பேரா? உடனே அழையுங்கள்! அனுபவமிக்க மெக்கானிக்! சிறந்த சேவை! நியாயமான கட்டணம்!’ நான்கு ஆச்சரியக்குறி, நான்கிலும் அவர் இல்லை. ஒரு வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “மெஷினைக் கழட்ட மாட்டேன் அக்கா. அவங்களையே ஒரு துணியில தைக்கச் சொல்லிப் பக்கத்துல நின்னு பார்ப்பேன்” என்றார். ஏன் என்று கேட்டேன். “பாதி இடத்துல மெஷின்ல ஒண்ணுமே இருக்காது. ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பாங்க, இல்ல துணியை நகர்த்துற பல்லுக்கு அடியில பஞ்சு அடைச்சிருக்கும். அதைக் காட்டிக் கொடுத்துட்டு வந்துடுவேன். அதுக்குக் காசு வாங்கறதில்லை.”

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ‘சிறந்த சேவை’ என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதையே நோட்டீஸாக எழுதினேன்:

‘தையல் விட்டு விட்டு விழுகிறதா? என்னைக் கூப்பிடும் முன் ஊசியைக் கழற்றிப் பாருங்கள். ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூலை எந்தப் பக்கத்திலிருந்து கோக்கிறீர்களோ, அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். பல்லுக்கு மேலிருக்கும் தகட்டைக் கழற்றிப் பஞ்சை எடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். நீங்கள் தைப்பதைப் பார்த்த பிறகுதான் மெஷினில் கை வைப்பேன். மெஷினில் கோளாறு இல்லையென்றால் காசு வாங்கமாட்டேன்.’

படித்துவிட்டு அவர் பயந்தார். “இதைச் சொல்லிட்டா என்னை யார் அக்கா கூப்பிடுவாங்க?” நியாயமான பயம், நானும் யோசித்தேன். முதலில் இருநூறு மட்டும் அடிப்போம், பழைய நோட்டீஸையும் இருநூறு கொடுப்போம், கூப்பிடுகிறவர்களிடம் எந்த நோட்டீஸைப் பார்த்தீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். இப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் எது நல்ல வாசகம் என்று என்னாலும் சொல்ல முடியாது, 31 வருடம் எழுதியும்.

இரண்டு மாதம் கழித்து நோட்டுடன் வந்தார். பழையதைப் பார்த்து 3 பேர், புதியதைப் பார்த்து 11 பேர். இருநூறு நோட்டீஸை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுத்துவிட முடியாதுதான். எனக்கு அந்த எண்களைவிட அவர் சொன்ன வேறொன்று முக்கியமாகப் பட்டது. புதிய நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் ஊசியையும் பஞ்சையும் ஏற்கெனவே பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள், அதனால் காசு வாங்காமல் திரும்பும் நடை குறைந்துவிட்டது. ஊசியைத் திருப்பியதுமே சரியாகிப் போன ஒருவர், நன்றி சொல்வதற்காகவே கூப்பிட்டிருக்கிறார். அவர் அந்த நோட்டீஸை மெஷின் டிராயரில் பாபின்களோடு வைத்திருக்கிறாராம்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நகல் மெஷின் ஆராய்ச்சியின் மறுபாதியை அடுத்த இணைப்பிதழில் திருத்தமாக வெளியிடுங்கள். கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர்கள் இருப்பார்கள். இன்னொன்று, உங்கள் வரி விளம்பரப் பிரிவில் படிவத்தை வாங்கும் ஊழியர்கள் எழுத்தை எண்ணிக் கட்டணம் சொல்கிறார்கள். அப்போதே, “இதைப் பார்த்துக் கூப்பிடுகிறவர் முதலில் என்ன கேட்பார்?” என்று ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில் விளம்பரத்தில் இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு வந்தவரே பார்த்துக்கொள்வார்.

தையல் மெஷின் பெண் அடுத்த வாரம் மறுபடி வருகிறார். நூல் அடிக்கடி அறுவது பற்றி இரண்டாவது நோட்டீஸ் வேண்டுமாம். முதல் நோட்டீஸின் பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் வெளியிட அவர் சம்மதித்திருக்கிறார். வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி